தலை சீவினால் வலிக்கிறதா?

2019 தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது என் கடையில் எழுபது பிளவுஸ் வெட்டாமல் கிடந்தன. கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னத் தையல் கடை. நானும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். அந்த மாதத்தில் தையல்காரிக்குத் தலைவலி வருவதை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

ஆனால் அது வழக்கமான வலி இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. பிடரி இறுகிப்போய், மேஜையில் குனிந்து துணி வெட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. காலையில் தலை சீவினால் மயிர்க்கால் எல்லாம் வலித்தது. புண் இல்லை, பொடுகு இல்லை. சீப்பின் பல் பட்டாலே தாங்கவில்லை. இரண்டு நாள் சிக்கெடுக்காமல் அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அப்புறம் காதில் சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று ஆவி சீறும் இல்லையா, அது நாள் முழுக்க இரண்டு காதிலும்.

தலைவலிக்கு எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். சைனஸ் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். காதுக்கு வேறொருவரிடம் போனேன். அழுக்கெடுத்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதினார். இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று வியாதியைப் பங்கு போட்டுக் கொடுத்தவள் நான்தான். சீப்பு விஷயத்தை யாரிடமும் சொல்லவே இல்லை. சீப்புக்கு எந்த டாக்டர் இருக்கிறார்?

அக்டோபர் 17, வியாழக்கிழமை மதியம், ஒரு அளவு பிளவுஸை விரித்து நாடாவை வைத்தேன். 34க்கும் 36க்கும் நடுவில் நாடா மேலே புடைத்துக்கொண்டு நின்றது. அடியில் நூல்கண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கோடு போடும் சாக்குக்கட்டியால் நேராக ஒரு கோடு இழுத்தேன், அதுவும் நடுவில் வளைந்தது. வெள்ளைத் துணியில் நடுவாக ஒரு சாம்பல் கறை. துணியை நகர்த்தினால் கறையும் கூடவே நகர்ந்தது. அப்போதுதான் கறை துணியில் இல்லை என்று புரிந்தது.

ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கறை இருந்தது. மற்றதைப் பொத்தினேன். அதிலும் இருந்தது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியையோ கட்டம் போட்ட நோட்டையோ பார்ப்பதற்குச் செலவே இல்லை. கோடு வளைந்தால் அது கண்ணாடி மாற்றுகிற விஷயம் இல்லை, விழித்திரையின் விஷயம். இரண்டு கண்ணிலும் ஒரே வாரத்தில் வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகளின் முகம் தெரியவில்லை, இரண்டு ரிப்பன் மட்டும் தெரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை உள்ளூரில் ஒரு கண் கிளினிக்குக்குப் போனோம். கண்ணை விரிக்கிற சொட்டு போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். “விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கும்மா. தீபாவளி டென்ஷன். மூணு மாசத்துல தானா வடிஞ்சிடும். ஸ்டீராய்டு மட்டும் எந்த ரூபத்துலயும் எடுத்துடாதீங்க” என்றார் டாக்டர். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

அவர் சொன்ன நோய் உண்மையிலேயே இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் அதை சி.எஸ்.ஆர். என்பார்கள். பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு, பெரும்பாலும் ஒரு கண்ணில் வரும். மன அழுத்தத்தோடும் ஸ்டீராய்டு மருந்தோடும் அதற்குச் சம்பந்தம் உண்டு. பலருக்குத் தானாகவே வடிந்துவிடும், ஸ்டீராய்டு கொடுத்தால் மோசமாகும். எனக்கு வந்திருந்த நோய்க்கோ ஸ்டீராய்டுதான் மருந்து. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம். இதைப் பிறகு கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. அந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில் என் அத்தை (மாமியார்) கற்பூரம், உப்பு, மிளகாய் எல்லாம் வைத்துச் சுற்றிப் போட்டார். யாரோ சொன்னார்கள் என்று நந்தியாவட்டைப் பூவைக் குளிர்ந்த நீரில் போட்டு மூடிய கண்மேல் ஒற்றி எடுத்தார். சுகமாகத்தான் இருந்தது. நோய் இருந்தது கண்ணின் பின்சுவரில். பூ அவ்வளவு தூரம் போகாது.

திங்கட்கிழமை சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியவில்லை. அன்று ராத்திரி பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம்.

பெரிய கண் ஆஸ்பத்திரியில் முதல் பரிசோதனை எழுத்துப் பலகை. மேல் வரிசையில் இருக்கிற ஒற்றைப் பெரிய எழுத்தே தெரியவில்லை. பரிசோதித்த பெண் பக்கத்தில் வந்து விரலைக் காட்டினாள். இரண்டு மீட்டரில் விரலை எண்ணினேன். இப்படி நான்கு இடம் மாறி, கடைசியில் ஒரு இளம் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கிறவர் போலிருந்தது. மைக்ராஸ்கோப் மாதிரி இருந்த கருவியில் கண்ணைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டார்:

“தலை சீவும்போது வலிக்குதாம்மா?”

நான் பேசவே இல்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கே அது தெரியாது.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். தலைவலி எந்தத் தேதியில் ஆரம்பித்தது, கழுத்தைக் குனிய முடிகிறதா, காதில் சத்தம் உண்டா, இதற்கு முன்னால் கண்ணில் அடி பட்டதா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா, கடைசியாக எப்போது தூரம் ஆனாய், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒரு கண்ணில் பலமாக அடிபட்டாலோ ஆபரேஷன் நடந்தாலோ, வாரங்களோ வருஷங்களோ கழித்து இரண்டு கண்ணும் இதே மாதிரி வீங்குகிற நோய் ஒன்று உண்டு. அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அடிபட்டதா என்று கேட்டது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறினாலும், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறினாலும், இரண்டு கண்ணிலும் தண்ணீர் கோக்கும். அதற்குத்தான் தூரமான தேதியைக் கேட்டதும் பி.பி. பார்த்ததும். கண் டாக்டர் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று நினைத்து, வெட்கப்பட்டுப் பாதியை மறைத்துவிடுகிறோம்.

அன்று முழுக்கப் பரிசோதனை. கையில் ஆரஞ்சு நிறச் சாய மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, நீல வெளிச்சத்தில் பளிச் பளிச்சென்று கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். சாயம் ஏறிய நிமிஷம் ஒரு குமட்டல் வந்து போனது. ஒரு நாள் முழுக்கத் தோல் மஞ்சள், சிறுநீர் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசுகிற பெயின்ட் மாதிரி. இதை முன்கூட்டியே சொல்வார்கள். சொன்னாலும் பார்க்கும்போது திக்கென்றுதான் இருக்கும்.

பெரிய டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊசியால் குத்தினாற்போல நிறையப் புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் சாயம் கசிந்து கடைசியில் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. சி.எஸ்.ஆர். என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடத்தில்தான் கசியும் என்றார். ஸ்கேனில் விழித்திரை இருந்த விதத்தை நான் என் பாஷையில் சொல்கிறேன்: ஐப்பசி மழைக்கு ஊறிய சுவரில் சுண்ணாம்பு அங்கங்கே உப்பி நிற்குமே, அப்படி. அதற்குப் பின்னால் இருக்கிற ரத்தக் குழாய்ப் படலம் தடித்துப் போயிருந்தது.

நோயின் பெயர் வோக்ட்-கொயனாகி-ஹராடா. ஆஸ்பத்திரியில் எல்லாரும் வி.கே.ஹெச். என்றுதான் சொல்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் வோக்ட் 1906இல் இமை முடி திடீரென்று வெளுக்கிறதைக் கண் அழற்சியோடு சேர்த்து எழுதினார். ஜப்பானில் ஹராடா 1926இல் விழித்திரை இப்படி உப்புவதை எழுதினார். கொயனாகி 1929இல் கண், காது, முடி, தோல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தார். ஆக மூன்று டாக்டர்கள் ஒரே நோயின் மூன்று பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுவேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்புக்கு நிறம் கொடுக்கிற செல் தோலில் மட்டும் இல்லையாம். கண்ணின் உள்படலத்தில், உள்காதில், மூளையைச் சுற்றிய சவ்வில், முடியின் வேரில் எல்லாம் இருக்கிறது. உடம்பின் காவல் படை அந்தச் செல்லை எதிரி என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தால் மூளைச் சவ்வில் தலைவலியும் கழுத்து இறுக்கமும், காதில் இரைச்சல், கண்ணில் தண்ணீர், கொஞ்ச மாதம் கழித்து முடியிலும் தோலிலும் வெள்ளை. ஐரோப்பியர்களைவிட, நம்மைப் போல நிறம் கூடுதலான ஆசிய மக்களுக்கும் தென்னமெரிக்க மக்களுக்கும் இது அதிகம் வருகிறது. ஒட்டாது, பரவாது. என் சைனஸ், காது அழுக்கு, சீப்பு, டென்ஷன் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணைப் பார்த்ததும், படமும், நோயாளி சொல்லும் கதையும் சேர்ந்துதான் பெயர் வைக்க வேண்டும். கதையில் பாதியை விழுங்கினால் பெயர் மாறிப்போகும். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: எந்த டாக்டரிடம் போனாலும், மகளின் ரஃப் நோட்டில் கிழித்த ஒரு தாளில் தேதி போட்டு, கண்ணுக்குச் சம்பந்தமே இல்லை என்று தோன்றுவதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போவேன். அதிகம் போனால் பத்து வரி. பழைய ஸ்கேனை வீட்டில் பூட்டி வைக்காமல் கையோடு கொண்டு போவேன். கும்பகோணத்தில் எடுத்த ஸ்கேன் மதுரையில் ரொம்ப உதவியது. நான்கு நாளில் தண்ணீர் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, முன்கையில் டி.பி.க்கான மேன்டோ ஊசி, அப்புறம் சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை. கடைசிப் பரிசோதனையின் பெயரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. “கண்ணுக்குள்ள வீக்கம்னு வர்ற எல்லாருக்கும் பாக்குறதுதான் சார். அது எந்த வியாதி மாதிரி வேணாலும் வேஷம் போடும். டி.பி.யும் அப்படித்தான். உள்ளே கிருமி இருக்கிறப்ப ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தா வினையாயிடும்” என்றார் டாக்டரம்மா. டி.பி. இவ்வளவு இருக்கிற ஊரில் இந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் யாராவது ஸ்டீராய்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நரம்பு வழியாக மருந்து, நாளைக்கு ஒரு கிராம் மெத்தில்பிரெட்னிசலோன். மருந்து ஏற ஆரம்பித்தவுடன் நாக்கில் செம்புப் பாத்திரத்தை நக்கியது போல ஒரு கசப்பு. முகம் சிவந்து சூடானது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை, வார்டில் எல்லாரும் தூங்க நான் மட்டும் முழித்துக்கொண்டு எழுபது பிளவுஸையும் மனசுக்குள் வெட்டித் தைத்து முடித்தேன். நர்ஸ் நேரத்துக்கு நேரம் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தார். இந்த மருந்து வீட்டில் வைத்து ஏற்றுகிற குளுக்கோஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்க் கட்டில் அம்மாவின் புடவையில் கட்டம் தெரிந்தது. கட்டம் நேராக இருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் எடை 58 கிலோ, தினம் 60 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பின். கூடவே வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்குக் கால்சியம். மறுநாள் தீபாவளி. மத்தாப்பு வெளிச்சத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் ஸ்கேனில் தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து விழுந்தது என் அதிர்ஷ்டம் என்றார்கள். தள்ளிப்போனால் நோய் நாள்பட்டதாகிக் கண்புரை, கண் அழுத்தம், விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய் என்று தொடரும்.

சரி, பார்வை வந்துவிட்டதே என்று நினைத்தேன். நிஜமான கஷ்டம் அதற்கப்புறம்தான்.

ஸ்டீராய்டை மெல்ல மெல்ல, மாதக்கணக்கில்தான் இறக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாது. அதுவரை முகம் இட்லி மாதிரி உப்பும், பசி பேயாகப் பசிக்கும், கன்னத்தில் முடி வளரும், காரணம் இல்லாமல் கோபம் வரும். பெற்ற மகளை ஒரு ஊக்குக்காகக் கத்தினேன். இது மருந்தின் குணம் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு டாக்டரே ஒரு தடவை சொல்லிவிட்டால் நல்லது. எங்கள் வீட்டில் என் அத்தைதான் அதைப் பிடித்துக்கொண்டார். “அவ கத்தல, மாத்திரை கத்துது, விடு” என்று மகளிடம் சொல்வார்.

ஸ்டீராய்டை இறக்கும்போது நோய் திரும்பாமல் இருக்க இன்னொரு மருந்து வேண்டும். எனக்கு மெத்தோட்ரெக்ஸேட். இதற்கும் மைக்கோஃபினோலேட் என்கிற விலை கூடிய மருந்துக்கும் நடுவில் எது மேல் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்து 2019இல்தான் முடிவு வந்திருந்தது. இந்தியா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் 216 பேர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் முதல் ஆசிரியர். விலை கூடியது உயர்ந்தது என்று அதில் நிரூபணம் ஆகவில்லை. என்னைப் போல மாதாமாதம் மருந்துக்குக் காசு எண்ணுகிறவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை.

ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கண்ணுக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. மருந்துச் சீட்டில் அப்படித்தான் தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் ஊர் மருந்துக் கடைப் பையன் பழக்க தோஷத்தில் காகித உறையின் மேல் காலைக்கு ஒரு டிக், ராத்திரிக்கு ஒரு டிக் போட்டுக் கொடுத்துவிட்டான். நான் அதைத்தான் பார்த்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையைக் கையில் வைத்திருந்தபோது, எட்டாவது படிக்கிற மகள், “ஞாயித்துக்கிழமைன்னு தானம்மா டாக்டர் சொன்னாங்க?” என்றாள். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் வெந்து, ரத்த அணு விழுந்து, உயிரே போகும். இந்த மருந்து சாப்பிடுகிற யாராவது இதைப் படித்தால், இப்போதே எழுந்து போய் உறையைப் பாருங்கள். நான் காலண்டரில் ஞாயிறு தோறும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுவேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில். ஆரம்பத்தில் மாதம் ஒரு முறை ரத்த அணு, ஈரல், கிட்னி பரிசோதனை. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வாரத்து மாத்திரைக்கு முன் டாக்டருக்குப் போன். இந்த மருந்தின்போது பிள்ளை உண்டாகக் கூடாது, உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசி போடக் கூடாது. இதை யாராவது கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு தெரிந்த நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஸ்டீராய்டு சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி போய்க் கொரோனா முதலில் பிடிக்கும் என்று வாட்ஸாப்பில் ஒன்று சுற்றியது. அப்போது நான் 15 மில்லிகிராமில் இருந்தேன். பார்வை நன்றாக இருந்தது, முகம் மட்டும் உப்பியிருந்தது. ஏப்ரல் கடைசியில் யாரையும் கேட்காமல் இரண்டு மருந்தையும் நிறுத்தினேன். நான்காம் நாளிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. சாப்பாடு இறங்கவில்லை, மிஷினில் காலை வைத்து மிதிக்கத் தெம்பில்லை. மே நடுவில் வலது கண் சிவந்து, வெயிலைப் பார்க்க முடியாமல் கூசியது.

கண் சிவப்பு என்றதும் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்கு ஓடி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. அதைப் போடுவதற்கு முன் மதுரைக்குப் போன் செய்தேன். டாக்டரம்மாவே எடுத்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கண்ணு கிடக்கட்டும்மா. இத்தனை மாசம் சாப்பிட்ட ஸ்டீராய்டைப் பட்டுன்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. உங்க உடம்பு தானா சுரக்க வேண்டியதை மறந்து தூங்கிட்டிருக்கு. இப்பவே மாத்திரையைப் போடுங்க, நாளைக்குக் கிளம்பி வாங்க” என்றார். அந்தத் தலைசுற்றல் கண் நோயே இல்லை.

மருத்துவக் காரணம் காட்டி இ-பாஸ் வாங்கி, வாடகைக் காரில் போனோம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பின்சீட்டில் சுருண்டு கிடந்த என்னைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் ஒன்றும் கேட்காமலே கையைக் காட்டி அனுப்பினார். நோய் திரும்பியிருந்தது. இந்த முறை கண்ணின் முன்பக்கத்தில். இது இந்த நோயின் வழக்கம்தானாம்: முதலில் பின்சுவரில் வரும், திரும்பும்போது முன்வாசலில் வரும். மணிக்கு ஒரு சொட்டு, கருவிழியை விரிக்க ஒரு சொட்டு, மாத்திரை மறுபடி மேலே ஏறியது. ஐந்து மாதம் இறங்கிய படியை மறுபடி முதலிலிருந்து இறங்கினேன். கடைசி ஸ்டீராய்டு மாத்திரை 2021 பிப்ரவரியில். மெத்தோட்ரெக்ஸேட் அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம்.

இதற்கு நடுவில் இமை முடி வெளுத்தது. 2020 ஜனவரி மாதமே இடது மேல் இமையில் நான்கைந்து முடி, அப்புறம் முன்நெற்றியில் ஒரு கற்றை, காதுக்குப் பின்னால் எட்டணா அளவு வெண்புள்ளி. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. ஊர்தான் பயந்தது. “வெண்குஷ்டமா?” என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டார். அந்தச் சொல்லே தவறு. இதில் குஷ்டமும் இல்லை, தொற்றும் இல்லை. வெண்புள்ளி, அவ்வளவுதான். இரண்டு பேர் அளவு எடுக்க வேண்டாம், பழைய பிளவுஸைப் பார்த்துத் தைத்துவிடு என்றார்கள். தைத்துக் கொடுத்தேன். கை கொஞ்சம் பிடித்திருக்கும்.

ஸ்டீராய்டும் நோயும் சேர்ந்து இடது கண்ணில் புரையை விட்டுப்போயின. உடனே ஆபரேஷன் செய்யவில்லை. இந்த நோய் இருக்கிற கண்ணில் அழற்சி முழுசாக அடங்கிக் குறைந்தது மூன்று மாதம் அமைதியாக இருக்க வேண்டும், அதற்கு முன் கத்தி வைத்தால் நோய் முழித்துக்கொள்ளும் என்றார்கள். 2023இல் செய்தார்கள். கண் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். அது ஏறினால் வலிக்காது, தெரியாது. அதனால் பார்வை நன்றாக இருக்கிறதே என்று வரும் தேதியைத் தள்ளிப்போடுவதில்லை. நிறமிச் செல்கள் போய்விட்டதால் என் கண்ணின் பின்சுவர் இப்போது அந்தி வானம் மாதிரிச் சிவந்து கிடக்கிறது. அதைப் படத்தில் காட்டினார்கள். ஆங்கிலத்திலும் அதற்கு அந்திச் சிவப்பு என்றுதான் பெயராம்.

ஊசியில் நூல் கோக்க இப்போது ஒரு சின்னக் கம்பி வைத்திருக்கிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் மட்டும் ராத்திரியில் தைப்பதில்லை.

போன மாதம் ஒரு அக்கா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர், பத்து நாளாகத் தலைவலி தாங்கவில்லை என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டேன். “அக்கா, தலை சீவுனா வலிக்குதா? காதுல சத்தம் கேக்குதா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சத்தம் கேக்குது. என் நாத்தனார் லீவுக்கு வந்து பத்து நாள் ஆச்சு” என்றார்.